செய்ததையே திரும்பச் செய்யாதவர்

அந்த அக்காவிடம் எதையும் ஒரு தடவைதான் கேட்கலாம். இரண்டாம் தடவை கேட்டால், "அதான் சொன்னேன்ல" என்பார். சொன்னது காதில் விழாததால்தானே கேட்கிறோம் என்று நாம் விளக்கப் போவதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அதனால் எங்கள் டைம் ஆபீசில் அவர் வாயைத் திறந்தால் எல்லோரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் கவனிப்பார்கள். அவர் பேச ஆரம்பித்ததும் ஒருவர் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தியதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

நெய்வேலியில் சுரங்கத்தை ஒட்டி இருந்த சின்ன ஆபீஸ் அது. நான் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற கான்ட்ராக்ட் ஆள். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று பெயர். அவர் பர்மனென்ட். தேனிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி டவுன்ஷிப்புக்கு வந்து, பரீட்சை எழுதி வேலை வாங்கியவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். ஆனாலும் மூத்தவர், இளையவர் என்று இல்லாமல் ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்காதான். இப்போது ரிட்டயராகிச் சொந்த ஊருக்கே போய்விட்டார்.

எங்கள் வேலை டூட்டி சார்ட் அடிப்பது. எந்தத் தொழிலாளிக்கு எந்த நாளில் எந்த ஷிஃப்ட், எந்த நாளில் லீவு என்பதை ஒவ்வொரு செக்ஷனும் வாராவாரம் எக்செல் ஷீட்டாக அனுப்பும். எக்ஸ்கவேட்டர், கன்வேயர், பம்ப், எலக்ட்ரிகல், ஒர்க்ஷாப் என்று ஏகப்பட்ட செக்ஷன்கள். ஒவ்வொருவரும் அவரவர் மனசுப்படி தயாரித்திருப்பார்கள். ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனியாக இன்னொரு தாளில் போய் விழும். ஒன்றில் பெயர் ஒரு பக்கமும் ஷிஃப்ட் ஒரு பக்கமுமாக அடிக்கும். ஒன்றைப் பிரிண்ட் கொடுத்தால் வெறும் கட்டங்களாகவே தாள் வந்துகொண்டிருக்கும். நான் ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து, தாளைப் படுக்கை வாட்டில் திருப்பி, மார்ஜினைக் குறைத்து, தலைப்பு வரி எல்லாப் பக்கத்திலும் வருகிற மாதிரி செய்து, வெற்றுப் பக்கங்களை நீக்கி, அதன்பிறகு அடிக்க வேண்டும். ஜீப்பில் அது சுரங்கத்துக்குள் இருக்கிற நோட்டீஸ் போர்டுகளுக்குப் போகும்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் மத்தியானம் அவர் என் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா பண்ணிக்கிட்டிருக்க?"

"பேஜ் செட்டப் பண்ணிகினு இருக்கேங்க்கா."

"காலையிலயும் அதத்தான பண்ணிக்கிட்டிருந்த?"

"அது கன்வேயர் செக்ஷனுதுங்க்கா. இது பம்ப் செக்ஷனுது."

"செய்யுற வேலையில என்ன வித்தியாசம்?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணுமில்லீங்க்கா."

"போன வாரமும் இதேதான?"

"ஆமாங்க்கா."

"அடுத்த வாரம்?"

திறந்துவிட்ட குழாயில் தண்ணீர் வீணாகப் போவதைப் பார்க்கிறவர்போல அவர் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதக் கேட்டாலே எனக்கு மூச்சு முட்டுது" என்றார்.

அவர் சும்மா சொல்லவில்லை. செய்ததையே திரும்பச் செய்வது அவருக்கு நிஜமாகவே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயமாக இருந்தது. காலையில் சேலைக்குப் பொருத்தமான ரவிக்கை தேடுகிற வேலை தினமும் வருகிறதே என்று எல்லாச் சேலைக்கும் கறுப்பு ரவிக்கைதான் போடுவார். வாரம் முழுவதற்குமான புளியை ஞாயிற்றுக்கிழமையே கரைத்துக் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றிவைத்துவிடுவார். எலக்ட்ரிகல் செக்ஷன்காரர் ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வரும்போதெல்லாம் பேனல் பெட்டிக்குள் பாம்பு இருந்த கதையை எடுப்பார். பாம்பு வாலை ஆட்டுகிற இடத்தில் அவரே பயந்து பின்னால் நகர்வார். அக்கா ஒருநாள் நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, இதுவரைக்கும் நடந்தது எங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் அந்தப் பாம்பு வேற ஏதாவது பண்ணுச்சுன்னா மட்டும் சொல்லுங்க" என்றார். அதோடு அவர் எங்கள் மாடிக்குப் பாம்பைக் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார்.

அக்காவைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் உண்டு. அவர் காதுபடவே சொல்வார்கள். "ஆமா, சோம்பேறிதான்" என்று அவரும் ஒத்துக்கொள்வார். சண்டை போட ஆசைப்பட்டு வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்த வாரமே அவர், எக்செல்லைத் தானாகவே வேலை செய்யவைக்கிற மேக்ரோவைப் பற்றித் தேட ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து வீடியோ பார்ப்பார். பேசுகிறவர் என்ன மொழியில் பேசினாலும் திரையில் கை எங்கே போகிறது என்பதை மட்டும் பார்ப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ எப்பவும் செய்யுறத ஒருக்கா செய். இது பார்த்துக்கிட்டே இருக்கும். அப்புறம் அதுவே செய்யும்" என்றார். பதிவு செய்கிற பட்டனை அழுத்தினார். கம்ப்யூட்டர் என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில், வழக்கமாக ஒழுங்காக வைக்கிற மார்ஜினை இரண்டு தடவை தப்பாக வைத்தேன். அதுவும் அந்தத் தப்புகளோடு சேர்த்தே கற்றுக்கொண்டது.

பதிவானதை அவர் வரிவரியாகத் திருத்தினார். பெயர்கள் எந்த வரியில் முடிகின்றனவோ அந்த வரியோடு நிறுத்தச் சொன்னார். மேல் தலைப்பை எல்லாப் பக்கத்திலும் போடச் சொன்னார். முதல் தடவை ஓட்டியபோது ஒரு ஷீட்டுக்கே இவ்வளவு நேரமா என்று இருந்தது. அவருக்கு அந்தக் காத்திருப்பே தாங்கவில்லை. மறுநாள் காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"மேல் மார்ஜின் சொன்னா பிரிண்டர்கிட்டப் போயி ஒருக்கா கேட்டுட்டு வருது. கீழ் மார்ஜின் சொன்னா மறுபடி போகுது. ஒவ்வொண்ணுக்கும் போயிட்டு போயிட்டு வருது, கிறுக்கு. எல்லாத்தையும் கையில வச்சுக்கிட்டு ஒரே தடவையில கேளுன்னு எழுதிட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு செக்ஷனின் மொத்தப் பெயர்களையும் ஒரே தாளில் அடக்கச் சொல்லி முதலில் எழுதியிருந்தார். அடுத்த நாளே கன்வேயர் செக்ஷனிலிருந்து ஒரு பெரியவர் தாளோடு மேலே ஏறி வந்துவிட்டார். "இன்னாம்மா இது, எறும்பு ஊர்றாப்புல இருக்குது. இதப் படிக்க மைன்ஸ்ல கண்ணாடி குடுப்பாங்களா?" என்றார். அக்கா அவரையே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, எழுத்தை ஏற்றி ஏற்றிக் காட்டி, எது தெரிகிறது என்று கேட்டார். கண் பரிசோதனைக்கு வந்த மாதிரி அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அகலத்தை மட்டும் ஒரு தாளுக்குள் அடக்கி, நீளம் எத்தனை தாள் போனாலும் போகட்டும் என்று விட்டது அவர் வந்துபோன பிறகுதான்.

கடைசியில் ஷீட்டின் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன் வரைந்தார். அதன்மேல் "போ" என்று தமிழில் எழுதினார். அதை அழுத்தினால் எல்லா செக்ஷன் சார்ட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகவே ஒழுங்காகி அச்சாகும். எனக்கு ஒரு நாள் பிடித்த வேலை, டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்தது. நாங்கள் இருவரும் பிரிண்டர் பக்கத்திலேயே நின்று டீ குடித்தோம். தாள் ஒவ்வொன்றாக வந்து விழுவதை அவர் ஆடு மாடு வீடு திரும்புவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைத்தான் சாரும் பார்த்தார். எங்கள் செக்ஷன் ஆபீசர் அவர். கெட்ட மனிதர் இல்லை. கணக்குப் பார்க்கிற மனிதர். சார்ட்டை எடுத்துப் புரட்டினார், பாராட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்போ இந்த வேலைக்கு இனிமே ரெண்டு பேரு எதுக்கு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் கான்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

எங்கள் வீட்டில் முந்திரித்தோப்பு கொஞ்சம் உண்டு. அது வருடத்தில் ஒரு தடவை ஏதோ கொடுக்கும். மற்ற நாளெல்லாம் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே போனேன். மறுநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா, உங்க பட்டனால எனக்கு வேல பூடும்போல இருக்குதுங்க்கா."

அவர் கையில் இருந்த பேனாவை வைத்தார். "இது எனக்குத் தோணவே இல்லையே" என்றார். அன்றும் ஐந்து மணிக்கு எழுந்து போய்விட்டார்.

ஐந்து மணிக்கு அவர் கிளம்புவது எங்கள் ஆபீசில் சங்கு ஊதுகிற மாதிரி. மேல் அதிகாரி வந்து எதிரில் நின்றாலும் ஒரு நிமிடம் கூடுதலாக இருக்க மாட்டார். டிவி சீரியல் பார்க்கப் போகிறார் என்று சிலர் சொன்னார்கள். அவர் கணவர் மண் வெட்டுகிற பெரிய எக்ஸ்கவேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர், உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டவர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் அவரும் சொன்னதில்லை. ஒருவரிடம் சொன்னால் எல்லோரிடமும் சொல்ல வேண்டிவரும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

அந்த மாதக் கடைசியில் அவர் இரண்டு நாள் லீவு போட்டார். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழைய பிரிண்டர் ரிப்பேராகி, வேறு ஆபீசிலிருந்து ஒரு பிரிண்டரைத் தூக்கிவந்து வைத்தார்கள். நான் "போ"வை அழுத்தினேன். தாள்கள் ஜோராக வந்தன. கட்டாக எடுத்துத் தட்டி அடுக்கும்போதுதான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சனிக்கிழமையோடு தாள் முடிந்திருந்தது. வலது ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமையையே காணோம்.

கீழே ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. சார் கதவருகில் வந்து, "இன்னும் என்னம்மா? வண்டி நிக்குது" என்றார்.

"சார், ஞாயித்துக்கிழம பிரிண்டாவல சார்."

"அத பேனாவில எழுதிக் குடுத்திடேன்."

அத்தனை பேருக்கும் பேனாவில் எழுதினால் பொழுது விடிந்துவிடும். அதுவும் மழைக்காலம். கடலூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்குகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் செக்ஷன்காரர்கள் போர்டில் தங்கள் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லையென்று ஞாயிற்றுக்கிழமை வராமல் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு அக்காவின் நம்பருக்குப் போன் செய்தேன்.

எடுத்தது ஒரு ஆண் குரல்.

"அக்கா இல்லீங்களா? நான் டைம் ஆபீஸ்லேருந்து பேசறேங்க."

"டைம் ஆபீஸா? நல்லதாப் போச்சு. எனக்கு இன்னைக்கு எந்த ஷிஃப்ட்டும்மா?"

ஷிஃப்ட் கேட்டுத் தினமும் யாராவது பேசுவார்கள். எனக்கு அது பழக்கம். "நீங்க எந்த செக்ஷனுங்க?" என்றேன்.

"எக்ஸ்கவேட்டர்."

டோக்கன் நம்பரைக் கேட்டேன். தயங்காமல் சொன்னார். எக்ஸ்கவேட்டர் சார்ட்டை மேலிருந்து கீழ்வரை தேடினேன். "உங்க நம்பர் இதுல இல்லீங்களே" என்றேன்.

"இல்லையா?" அவர் குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. "நல்லாப் பாரும்மா. நான் தப்பு ஒண்ணும் பண்ணலையே. லீவு கூடப் போடலையே."

நான் மறுபடி மேலிருந்து தேட ஆரம்பித்தேன். அதற்குள் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. அக்காவின் குரல் மெதுவாக, "நான்தான்மா. போன அவருகிட்டயே திரும்பக் குடுக்குறேன். இன்னைக்கு வீக்லி ஆஃப்னு சொல்லு. வேற ஒண்ணும் கேக்காத" என்றது.

சொன்னேன். "இன்னிக்கு உங்களுக்கு வீக்லி ஆஃபுங்க."

"அப்படியா!" என்றார். ஸ்கூலுக்கு மழை லீவு என்று கேட்ட பிள்ளையின் சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. "ரொம்ப நல்லதும்மா. நல்லா இரு."

பிறகு அக்கா போனை வாங்கி, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "பேப்பர் சைஸ் என்னன்னு இருக்கு, பாரு" என்றார். பார்த்தேன். நாங்கள் போடுகிற தாளைவிட நீளமான தாள் என்று இருந்தது. "அதான். தாள் அளவ நான் மேக்ரோவுல எழுதவே இல்ல. பழைய பிரிண்டர் தானா சரியா எடுத்துக்கிச்சு. இது பெரிய தாள்னு நினைச்சுப் பரப்பி அடிக்குது, ஓரம் வெளிய போயிருது. நான் சொல்லுற வரிய அப்படியே தட்டு."

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லத் தட்டினேன். நடுவில் அந்தக் குரல் மறுபடி கேட்டது. "ஏம்மா, இன்னைக்கு எனக்கு எந்த ஷிஃப்ட்டு?"

அக்கா எனக்குச் சொல்வதை நிறுத்தினார். "நேத்து டபுள் டூட்டி பார்த்தீங்கள்ல? அதுக்கு இன்னைக்கு ரெஸ்ட் குடுத்திருக்காங்க" என்றார்.

"அப்படியா!"

பிறகு என்னிடம், "ம், எதுல விட்டேன்?" என்றார்.

தாள்கள் ஞாயிற்றுக்கிழமையோடு வந்தன. ஜீப் போனது. ஞாயிறன்று விடாமல் மழை பெய்தது. பம்புகளும் விடாமல் ஓடின என்று திங்கட்கிழமை கேள்விப்பட்டேன்.

அன்று அக்கா வந்ததும் நேராக சார் அறைக்குப் போனார். என்னையும் வரச்சொன்னார். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் ஃபைலோடு நின்றிருந்தார்கள்.

"சார், மேக்ரோ சொன்னதச் செய்யும். தப்பா செஞ்சுக்கிட்டிருக்கோம்னு அதுக்குத் தெரியாது. தாள் வந்து விழும்போது பக்கத்துல நின்னு பார்க்க ஒரு ஆள் வேணும். அது நானா இருக்க முடியாது, நான் அஞ்சு மணிக்குப் போயிருவேன். இந்தப் பிள்ளைதான் அன்னைக்குப் பார்த்துச்சு. இதோட கான்ட்ராக்ட்ட நீங்க எழுதிக் குடுக்கணும்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே மேசைமேல் இருந்த போன் அடித்தது. சார் அதை எடுத்து வைத்துவிட்டு, "என்ன சொன்னீங்க? சரியாக் கேக்கல" என்றார்.

ஃபைலோடு நின்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். அக்கா ஒரு மூச்சு எடுத்துவிட்டு, முதலில் சொன்ன அத்தனையையும் ஒரு வார்த்தை குறையாமல் மறுபடி சொன்னார்.

சார் பேனாவைத் திறந்துகொண்டே, "ரெண்டு தடவ சொல்றீங்கன்னா எழுதித்தான் ஆகணும்" என்றார். என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு, பருவம் தப்பிப் பழுத்த எங்கள் மரத்துப் பலாவில் பாதியை எடுத்துக்கொண்டு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வேப்பமர நிழலில் ஓட்டுவீடு. வாசல் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். மழமழவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, உடனே டூட்டிக்குக் கிளம்பக்கூடியவர் மாதிரி இருந்தார். அக்கா பலாச்சுளைகளைப் பிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். பண்ருட்டி ரோட்டில் பைக்கில் வரும்போது மாடு குறுக்கே வந்திருக்கிறது. தலையில் அடி. "பழசெல்லாம் அப்படியே இருக்கு. கல்யாணத்தன்னைக்கு நான் எந்தச் சேலை கட்டியிருந்தேன்னு கேளு, சொல்லுவாரு. புதுசு மட்டும் நிக்க மாட்டேங்குது."

நான் இருந்த கொஞ்ச நேரத்துக்குள் அவர் தன் ஷிஃப்டைப் பல தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் அக்கா பதில் சொன்னார். ஒரு தடவை, மெஷின் மெயின்டனன்ஸில் நிற்கிறது என்றார். ஒரு தடவை, உங்களுக்குப் பதிலாக உங்கள் கூட்டாளி திருவதிகைக்காரர் டூட்டி பார்க்கிறார் என்றார். ஒரு தடவை, இன்றைக்கு ஆயுத பூஜை என்றார். "அப்படியா!" என்று அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டார். ஒரு பதிலைக்கூட அக்கா இரண்டாவது தடவை சொல்லவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

"எப்படிக்கா இப்படி?" என்றேன்.

"அதே பதிலச் சொன்னா எனக்கு மூச்சு முட்டும். புதுசு சொன்னா அவருக்கும் ஒரு லீவு, எனக்கும் ஒரு வேலை" என்றார்.

பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அக்காவின் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பியதும் பக்கத்து வீட்டம்மா வந்து உட்காருகிறாராம். சாயங்காலத்திலிருந்து தூங்கும்வரை இவர்தான். எனக்கு யோசனை வந்தது. "அக்கா, இத நல்லா பெருசா பிரிண்ட் எடுத்து எதுக்க ஒட்டிட்டா அவரே படிச்சிக்குவாருங்களே?"

அவர் சுளையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்றார்.

அடுத்த வாரமே செய்துவிட்டார். பெங்களூரில் இருக்கிற மகன் வாங்கிக்கொடுத்த சின்ன பிரிண்டர் வீட்டில் இருந்தது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து பட்டனை அழுத்தினால் அன்றைய தேதியும், லீவுக்கு ஒரு புதுக் காரணமும், தாளின் நட்டநடுவில் கொட்டை எழுத்தில் அச்சாகி வரும். காரணங்களை நானும் அவருமாக உட்கார்ந்து எழுதினோம். "இன்று உங்களுக்கு விடுமுறை. நேற்று நன்றாக வேலை செய்தீர்கள்" என்பது நான் எழுதியது. கணவரின் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் அக்கா அதை ஒட்டினார்.

அது பலித்தது. "நிமிர்ந்து பார்க்குறாரு, படிக்குறாரு, காலை ஆட்டுறாரு. நேத்து சாயங்காலம் பூராவும் எனக்கு ஒரு வேலையும் இல்ல தெரியுமா?" என்று மறுநாள் சொன்னார். நன்றாகத் தூங்கினார். கண்ணுக்கடியில் இருந்த கறுப்பு குறைந்தது. எனக்கு என்னை நினைத்தே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிறகு ஒருநாள் ஐந்து மணிக்கு அவர் எழுந்திருக்கவில்லை. ஆபீசில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் இருந்தார்.

"வூட்டுக்குப் போவலீங்களா அக்கா?"

"போயி என்ன செய்யப் போறேன்" என்றார். முடித்துவிட்ட சார்ட்டைத் திறந்து சும்மா மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சில வாரம் போனது. ஒருநாள் ஐந்து மணி ஆனதும் அவர் பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கினார். ஆபீஸ் பழையபடி ஆனது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் அதே நாற்காலியில் இருந்தார். எதிர்ச்சுவரில் தாள் இல்லை. டேப் ஒட்டிப் பிய்த்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.

அக்கா உள்ளே அடுப்படியில் இருந்தார். நான் சுவரையே பார்ப்பதை ஜன்னல் வழியாகக் கவனித்துவிட்டார்.

"நான்தான் கிழிச்சேன்" என்றார். கரண்டியால் கிண்டிக்கொண்டேதான் பேசினார். "அந்தத் தாள் வந்ததுல இருந்து அவரு என்னைக் கேக்குறதே இல்லம்மா. புதுசா எது அவருகிட்ட நிக்குது, என்கிட்டப் பேச? அந்த ஒரு கேள்விதான் இருந்துச்சு. அதையும் தாளுக்குக் குடுத்துட்டேன். வீடு கம்முனு ஆயிருச்சு. அவரு அங்கிட்டு, நான் இங்கிட்டு."

நான் பத்திரிகையைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அக்காவின் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரென்று தெரியாத சிரிப்பு. ஆனாலும் நல்ல சிரிப்பு.

"உக்காரும்மா" என்றார். "நீ எங்க வேலை பார்க்குற?"

"டைம் ஆபீஸ்லீங்க."

"டைம் ஆபீஸா!" நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப உனக்குத் தெரியுமே. எனக்கு இன்னைக்கு எந்த ஷிஃப்ட்டும்மா?"

நான் வாயைத் திறந்தேன்.

"ஏ, நீ சொல்லாத!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "இரு, நான் வர்றேன்."

கரண்டியை வைக்கிற சத்தம், அடுப்பை அணைக்கிற சத்தம். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்து அவர் முன்னால் நின்றார். என்னைப் பார்த்தார், தட்டில் இருந்த பத்திரிகையைப் பார்த்தார், ஒரு வினாடி யோசித்தார்.

"இன்னைக்கு உங்களுக்கு லீவுங்க" என்றார். "இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. அதுக்காக மைன்ஸ் பூராவுக்கும் லீவு விட்டுட்டாங்க."

"அப்படியா!" என்று அவர் என் பக்கம் திரும்பினார். எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.